உங்களுக்குத் தெரியுமா? அணைத் தண்ணீருக்கு ஏற்ற ஃபிஷ் ஃபைண்டர் எது?

பாலக்காட்டின் மலம்புழா, பரம்பிக்குளம். இடுக்கியின் மாட்டுப்பட்டி, தேக்கடி, இடுக்கி அணை. தமிழகப் பக்கம் ஆழியாறு, அமராவதி. தமிழகமும் கேரளமும் தோள் உரசும் இந்த மலைப் பகுதியில் ஏரி என்றால் பெரும்பாலும் அணை நீர்த்தேக்கம்தான். அதில் படகிலோ பரிசலிலோ மீன்பிடிக்கிறவர்கள் ஃபிஷ் ஃபைண்டர் வாங்க நினைத்தால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவியின் பெயரில் மீன் இருந்தாலும், அது நமக்குச் செய்யும் பெரிய உதவி தண்ணீரின் அடியைக் காட்டுவதுதான். அதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் காசு வீணாகாது.

● பிறந்த இடமே ஏரிதான்
தண்ணீருக்குள் ஒலி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை 1826-இல் ஜெனீவா ஏரியில் அளந்தார்கள். கொலாடோன், ஸ்டர்ம் என்ற இருவர் செய்த சோதனை இது. ஒரு படகில் தண்ணீருக்குள் மணியை அடித்து, அதே நொடியில் வெடிமருந்தையும் கொளுத்தினார்கள். சுமார் 13.5 கிலோமீட்டர் தள்ளி நின்ற இன்னொரு படகில் வெளிச்சம் தெரிந்ததற்கும் மணியோசை கேட்டதற்கும் இடையே சென்ற நேரத்தைக் கணக்கிட்டார்கள். கிடைத்த விடை விநாடிக்கு 1,435 மீட்டர். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஃபிஷ் ஃபைண்டர் போடும் கணக்கு முழுவதும் இந்த வேகத்தின் மேல்தான் நிற்கிறது.

● வந்த வழி
சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் பியரும் ஜாக்கும் கண்டுபிடித்தார்கள். அதன் மறுதலையும் உண்மை: மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும். ஃபிஷ் ஃபைண்டரில் ஒலியை அனுப்பி வாங்கும் உறுப்பான டிரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் சில்லு இந்த இரண்டு வேலையையும் மாறி மாறிச் செய்கிறது. மீன் தேடுவதற்கென்றே கருவி செய்து 1948-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள்.

● கண் இமைப்பதற்குள்
30 மீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்த் திரும்ப ஒரு விநாடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் போதும். அணைநீரின் ஆழத்துக்கு எந்தக் கருவியும் வேகமானதே. "அதிவேகம்" என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

● திரையில் தெரிவது மீனின் காற்று
மீனின் சதையும் தண்ணீரும் ஒலிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எதிரொலியின் பெரும்பங்கைத் திருப்பி அனுப்புவது மீனின் வயிற்றில் இருக்கும் காற்றுப்பை. ஆகவே, திரையில் பெரிதாகத் தெரிவதெல்லாம் எடையில் பெரிய மீனாக இருக்க வேண்டும் என்பதில்லை.

● அதே காற்றுப்பைதான் காதும்
கெண்டை இனங்களுக்கும் கெளுத்தி இனங்களுக்கும் காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கும் சிறு எலும்புச் சங்கிலி உண்டு. அதனால் அவற்றின் செவி மிகக் கூர்மை. ஆனாலும் ஃபிஷ் ஃபைண்டர் அனுப்பும் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி அவற்றின் கேட்கும் எல்லைக்கு வெகு மேலே இருப்பதால், அது அவற்றுக்குக் கேட்பதில்லை. துடுப்பு படகின் பலகையில் மோதும் ஓசை நன்றாகக் கேட்கும். கருவி மீனை விரட்டுகிறது என்று சந்தேகப்படும் முன் துடுப்பைக் கவனியுங்கள்.

● கருவி பார்ப்பது ஒரு கூம்பை மட்டும்
டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி கூம்பு வடிவில் இறங்குகிறது. 20 டிகிரி கூம்பு என்றால், அடியில் அது பார்க்கும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 30 மீட்டர் ஆழத்தில் அகலம் 10 மீட்டருக்குச் சற்று மேல். 3 மீட்டர் ஆழத்தில் ஒரே மீட்டர். கரையோரத்தில் திரை வெறுமையாக இருந்தால் மீனே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கருவி பார்க்கும் இடம் அங்கே அவ்வளவு சின்னது.

● மலைச்சரிவில் அகலக் கூம்பு ஏமாற்றும்
இடுக்கி போன்ற அணைகளில் தண்ணீருக்குள் இருப்பது மூழ்கிய பள்ளத்தாக்கு. அகலமான கூம்பு சரிவின் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகத் தொடும். மேட்டின் எதிரொலி முதலில் திரும்பிவிடுவதால் ஆழம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். குறுகிய பள்ளம் கண்ணுக்கே வராமல் போகும். மலை அணைகளுக்குக் குறுகிய கூம்பே ஏற்றது.

● கடலுக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று
கடல்நீரில் கரைந்துள்ள மெக்னீசியம் சல்பேட் ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. நன்னீரில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆழ்கடலுக்குத் தேவைப்படும் 50 கிலோஹெர்ட்ஸ் நமக்கு வேண்டாம். 200 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதை ஒட்டிய பட்டையில் இயங்கும் 'சர்ப்' வகைக் கருவி போதும். சர்ப் என்பது ஒரே அலைவரிசையை அனுப்பாமல் பல அலைவரிசைகளைத் தொடர்ச்சியாக வருடி அனுப்பும் முறை. அருகருகே நிற்கும் இரண்டு மீன்களை ஒரே பொட்டாகக் காட்டாமல் பிரித்துக் காட்டுவது அதன் பலம்.

● வாட் கணக்கில் ஒரு வித்தை
ஒரு பெட்டியில் 300 வாட் என்றும் இன்னொன்றில் 2,400 வாட் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே சக்தியாக இருக்கலாம். முதலாவது ஆர்.எம்.எஸ். என்ற சராசரிக் கணக்கு, இரண்டாவது உச்சிக்கு உச்சி அளக்கும் கணக்கு, அது எட்டு மடங்காக வரும். எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். நம் அணைகளுக்கு 200 முதல் 300 ஆர்.எம்.எஸ். வாட் தாராளம்.

● வளைவு ஏன் வருகிறது?
மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது கருவியிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும். நடுவுக்கு வரும்போது நெருங்கும். வெளியேறும்போது மறுபடி விலகும். அந்தத் தொலைவு மாற்றமே திரையில் வில்லாக விழுகிறது. கூம்பின் ஓரத்தை மட்டும் தொட்டுச் சென்ற மீன் அரை வில்லாகத் தெரியும்.

● நீளக் கோடு நீள மீன் அல்ல
படகு நின்றாலும் திரை ஓடிக்கொண்டே இருக்கும். வலது ஓரம் இந்த நொடி. இடப்பக்கம் முழுவதும் கடந்துபோன நேரம். படகுக்கு அடியில் ஒரு சிறு மீன் அசையாமல் நின்றால், அது நீண்ட கோடாக விழும். மீனின் அளவை ஓரளவு ஊகிக்கக் கோட்டின் தடிமனைப் பார்க்க வேண்டும். நீளத்தைப் பார்த்துப் பயனில்லை.

● மீன் பொம்மையை அணைத்து வையுங்கள்
பல கருவிகள் எதிரொலிக்குப் பதிலாக மீன் படத்தையே போட்டுக் காட்டும். நீர்க்குமிழி, மிதக்கும் கிளை, ஊறிய இலைக்கொத்து எல்லாமே அதற்கு மீன்தான். மழைக்காலத்தில் காட்டோடைகள் குப்பையைச் சுமந்து வரும்போது திரை முழுவதும் மீனாக மிதக்கும். அந்த வசதியை அணைத்துவிட்டு, அசல் எதிரொலியைப் படிக்கப் பழகுங்கள்.

● எந்தக் கெண்டை எந்த ஆழத்தில்?
நீர்த்தேக்கங்களில் குஞ்சு விட்டு வளர்க்கும் மூன்று பெருங்கெண்டைகளில் கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுமட்டத்தில், மிர்கால் அடியில். ஆனால் மேலே கூம்பு குறுகல், இரைச்சலும் அதிகம், கட்லா தப்பிவிடும். அடியை ஒட்டி மேயும் மிர்காலின் எதிரொலி தரையின் எதிரொலியோடு கலந்துவிடும். கருவி தெளிவாகக் காட்டுவது நடுநீரில் திரியும் மீனை. மற்ற இரண்டுக்கும் அனுபவசாலியின் கண்தான் வழிகாட்டி.

● ஜிலேபிக்குக் கருவி வேண்டாம்
அமராவதி அணையில் பேர்போன ஜிலேபி கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. ஆழம் குறைந்த ஓரங்களில் குழி பறித்து முட்டையிட்டு, குஞ்சை வாயில் வைத்து வளர்க்கும். அதைத் தேட ஃபிஷ் ஃபைண்டர் வாங்குவது வீண் செலவு.

● மூழ்கிய காடு
முல்லைப்பெரியாறு அணை 1895-இல் எழுந்தபோது தண்ணீருக்குள் போன காட்டின் பட்ட மரங்கள் தேக்கடி ஏரியில் இன்றும் நிற்கின்றன. தண்ணீருக்கு மேலே தலை நீட்டுபவை கண்ணுக்குத் தெரியும். ஒரு முழம் கீழே நிற்பவைதான் வலையைக் கிழிக்கும், படகின் அடியை இடிக்கும். மூழ்கிய மரம் திரையில் தரையிலிருந்து எழும் செங்குத்துக் கோடாகத் தெரியும். வலை விரிக்கும் முன் அந்த இடத்தைக் கருவியோடு ஒரு சுற்று சுற்றி வந்தால் வலை மிஞ்சும். கருவி போட்ட பணத்தைத் திருப்பித் தருவது இந்த வேலையில்தான்.

● பரிசலில் சைடு ஸ்கேன் பயன்படாது
பக்கவாட்டில் படம் எடுக்கும் சைடு ஸ்கேன் கருவி மூழ்கிய மரங்களை அழகாகக் காட்டும். ஆனால் படகு நேர்கோட்டில், ஒரே சீராகப் போக வேண்டும். துடுப்புக்குத் துடுப்பு திரும்பும் பரிசலில் படம் சிதைந்துவிடும். விசைப்படகு இருப்பவர்கள் வாங்கலாம். பரிசல்காரருக்குக் கீழ்நோக்கிப் பார்க்கும் சாதாரண சோனாரே (எதிரொலிக் கருவியே) சரி.

● டிரான்ஸ்டியூசரை எங்கே கட்டுவது?
விற்பனைக்கு வரும் பிடிமானங்கள் பெரும்பாலும் பின்பலகை உள்ள படகுக்கானவை. பரிசலுக்குப் பின்பலகை கிடையாது. ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டி, விளிம்போடு இறுக்கி, டிரான்ஸ்டியூசர் எப்போதும் தண்ணீருக்குள் நேர் கீழே பார்க்கும்படி நிறுத்தினால் போதும். சாய்ந்தால் ஆழக் கணக்கு தப்பும். மரங்கள் நிற்கும் இடத்தில் மோதினால் மடங்கிக்கொள்ளும்படி கட்டுவது நல்லது.

● அணை ஏரி நாளுக்கு நாள் மாறும்
இடுக்கி அணையின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 2,403 அடி. மின்சாரத்துக்காக 2,280 அடி வரை இறக்கலாம். இடையே 123 அடி. முல்லைப்பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம். 104 அடிக்குக் கீழே போனால் தமிழகத்துக்குத் தண்ணீர் எடுக்க முடியாது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஒரு மதகு உடைந்து தண்ணீர் வீணாக ஓடியது. ஆடியில் குறித்து வைத்த ஆழம் பங்குனியில் பொருந்தாது. குறிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் அன்றைய அணை நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

● வரைபடத்தை நம்பி வாங்காதீர்கள்
வெளிநாட்டு ஏரிகளுக்கு ஆழ வரைபட அட்டைகள் விற்கிறார்கள். நம் அணைக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்து விலை உயர்ந்த கருவியை வாங்காதீர்கள். உங்கள் அணையின் படத்தைக் கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, நீங்கள் போகும் தடத்தின் ஆழத்தைத் தானே பதிந்து வரைபடமாக்கும் ஜி.பி.எஸ். கருவி. கார்மின் ஸ்ட்ரைக்கர் பிளஸ் வரிசையில் அந்த வசதி உண்டு.

● தரை எப்படிப்பட்டது?
பாறையும் சரளையும் ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். திரையில் அடிக்கோடு பளிச்சென்று விழும். சில நேரம் இரட்டிப்பு ஆழத்தில் இரண்டாவது கோடும் தெரியும். அது ஒலி இரண்டு முறை போய் வந்ததன் அடையாளம். சேறு என்றால் கோடு மங்கும். அணைக்கு முன் ஓடிய ஆற்றின் தடம், மூழ்கிய சாலை, வண்டல் படிந்த வயல் எல்லாம் இப்படித்தான் பிடிபடும்.

● வெப்பமானி சொல்வது மேல்தண்ணீரை
கருவியில் தெரியும் வெப்பநிலை டிரான்ஸ்டியூசர் நனைந்திருக்கும் மட்டத்துடையது. பத்து மீட்டர் கீழே எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

● திரை: அங்குலத்தை விடப் புள்ளி முக்கியம்
உயரவாக்கில் 480 புள்ளிகள் உள்ள திரையில் 30 மீட்டர் ஆழத்தைக் காட்டினால், ஒரு புள்ளி சுமார் 6 செ.மீ. ஆகிறது. 240 புள்ளி என்றால் 12 செ.மீ.; உள்ளங்கை நீளத்துக்குச் சற்றுக் குறைந்த மீன் ஒரே பொட்டுக்குள் அடங்கிவிடும். 5 அங்குலத்தில் 800-க்கு 480 புள்ளி கொண்ட திரை நடுத்தரமான, நல்ல தேர்வு. வெயிலில் வெளியே எடுத்துவந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

● பேட்டரிக் கணக்கு
5 அங்குலக் கருவி பெரும்பாலும் 1 ஆம்பியருக்குக் குறைவாகவே இழுக்கும். யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி காகிதத்தில் 7 மணி நேரம் தாங்கும். ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலியாக்கினால் அதன் ஆயுள் குறையும். அரை நாள் வேலைக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடையும் குறைவு, உழைப்பும் அதிகம். எஞ்சின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்தால் திரையில் இரைச்சல் விழும். தனிப் பேட்டரியே நல்லது.

● எறிந்து பார்க்கும் பந்து
தூண்டிலில் கட்டி எறியும் பந்து வடிவக் கருவிகளும் உண்டு. வைஃபை வழியாக கைப்பேசியில் படம் வரும். ரேடியோ அலை தண்ணீருக்குள் போகாது என்பதால் பந்து மிதந்தாக வேண்டும். துளையிட முடியாத வாடகைப் படகுக்கும் கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் வெயிலில் கைப்பேசித் திரை மங்கும், மழையில் அதுவே முதலில் நனையும்.

● கடையில் துள்ளும் மீன்
கடையில் கருவியைப் போட்டதும் திரையில் மீன் கூட்டம் கூட்டமாக ஓடும். அது கருவிக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கும் சிமுலேட்டர் படம். அதைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. தண்ணீரில் சோதிக்கவும் பழுதானால் மாற்றித் தரவும் ஒப்புக்கொள்ளும் கடையைத் தேடுங்கள். டிரான்ஸ்டியூசர் தனியாகக் கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். முதலில் அடிபடுவது அதுதான்.

● ஈயக்குண்டு பொய் சொல்லாது
கருவி வந்த முதல் நாள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி, பாகக் கணக்கில் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) முடிச்சுப் போட்டு, ஆழம் தெரிந்த சமதள இடத்தில் இறக்கிப் பாருங்கள். திரையின் எண்ணோடு ஒத்துவந்தால் நிம்மதி. கருவி டிரான்ஸ்டியூசரிலிருந்துதான் அளக்கும். அது தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

● எல்லாம் தெரிந்தால் நியாயமா?
மீன் நீந்துவதை அந்த நொடியிலேயே காட்டும் லைவ் சோனார் இப்போது கிடைக்கிறது. விலை சாதாரணக் கருவியைப் போல் பல மடங்கு. மீனுக்குத் தப்ப வழியே இல்லாமல் போகிறது என்ற விவாதம் எழுந்து, அமெரிக்காவின் மீன்பிடிப் போட்டி அமைப்புகளே அதற்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டன. நம் அணைகளில் அது தேவையற்ற ஆடம்பரம்.

● திரைக்கு இனம் தெரியாது
பெரியாற்றுப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் லெபிடோபைகாப்சிஸ் டைபஸ். 1941-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அணையும், வெளியிலிருந்து வந்த மீன்களும் அதன் வாழ்விடத்தைச் சுருக்கிவிட்டன. திரையில் அதுவும் ஒரு வில், ஜிலேபியும் ஒரு வில். கையில் எடுத்துப் பார்த்து, அரிய மீனை உயிரோடு விடுவது மனிதரின் பொறுப்பு.

● யாருடைய தண்ணீர்?
பரம்பிக்குளமும் தேக்கடியும் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அங்கே வெளியாள் கருவியோடு போய் மீன்பிடிக்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் நிற்கிறது. தேக்கடி ஏரியில் மன்னான், பளியர் மக்கள் தலைமுறைகளாக மீன்பிடிக்கிறார்கள். மற்ற அணைகளிலும் மீன்வளத் துறையின் அனுமதியையும் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தின் சம்மதத்தையும் பெற்ற பிறகே கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும். பரம்பிக்குளத்திலும் அமராவதியிலும் முதலைகளும் உண்டு.

● ஆழியாறு சொன்ன பாடம்
மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் ஆழியாறு அணையில் விளைச்சலைப் பல மடங்கு உயர்த்தியது. செய்தது எளிய வேலை: குஞ்சைப் 10 செ.மீ.க்கு மேல் வளர்த்து விட்டது. ஒரு கிலோ எடைக்குக் குறைந்த பெருங்கெண்டைகளைப் பிடிக்காமல் காத்தது. தண்ணீரில் மீன் இருந்தால்தான் திரையில் தெரியும்.

● முதல் செலவு எது?
2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அணைநீர் அமைதியாகத் தெரிந்தாலும் ஆழம் ஆழம்தான். படகில் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட் வாங்கிய பிறகு மிஞ்சும் பணத்தில் ஃபிஷ் ஃபைண்டர் வாங்குங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: 5 அங்குலத் திரை, 200 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய சர்ப் சோனார், குறுகிய கூம்பு, ஜி.பி.எஸ்., தனி பேட்டரி. பாலக்காடு, இடுக்கி எல்லையோர அணைகளுக்கு இதுவே போதும். இதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் யோசித்துக் கொடுக்க வேண்டியது. ஆடி, ஆவணி மழையில் சினைமீன் ஓடையேறும் நாள்களில் கருவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வலையில் சிக்கும் குஞ்சுகளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டும் உங்கள் திரையில் மீன் தெரிய வேண்டும்.